செருப்பு கழன்றதே தெரியவில்லை, பாதம் எரிகிறது: வெந்நீரில் கால் வைக்கலாமா?

வைக்காதீர்கள். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாத பாதத்துக்குச் சூடும் சரியாக உறைக்காது. நான் அப்படி வைத்துக் கொப்புளம் வந்து, ஆற ஒன்றரை மாதம் ஆனது.

சுகர் கட்டுக்குள் இருந்தும் ராத்திரி எரிச்சல் ஏன் கூடுகிறது என்கிறீர்கள். பத்து வருடமாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை, அதோடு சைவம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். மெட்ஃபார்மின் நாள்பட வைட்டமின் பி12 சத்தைக் குறைக்கலாம், சைவச் சாப்பாட்டிலும் அது குறைவு. அந்தக் குறையும் இதே எரிச்சலையும் மரத்துப்போதலையும் தரும். ரத்தத்தில் பி12 பாருங்கள். பி12 ஊசி போடுவதற்கு முன்பே பாருங்கள், போட்டபின் அளவு ஏறித்தான் காட்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை யாராவது ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொடட்டும், அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டு தெரியாவிட்டாலே உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நரம்பு எரிச்சலுக்குச் சாப்பிடும் பிரீகாபலின் மருந்து தூக்கம் தருகிறது என்று சட்டென நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீரென பலம் குறைந்தால் அது வேறு கதை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.