டெல்லியில் இலை உதிரும் வசந்தம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற ஆகஸ்டில் மாற்றலாகி மனைவியோடு டெல்லிக்கு வந்தேன். முனிர்க்காவில் வாடகை வீடு. முதலில் புழுக்கம், பிறகு புகை, பிறகு குளிர் என்று மாதங்கள் போனதால் வெளியே எங்கும் போகவில்லை. இப்போது குளிர் குறைந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கும் என்கிறார்கள். மார்ச் முதல் வாரத்தில் திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். இந்தப் பருவத்தில் இங்கே சுவாரசியமாக என்ன செய்யலாம்? இணையத்தில் தேடினால் டூலிப் மலர்கள், குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம், இல்லையென்றால் சிம்லா என்று வருகிறது. நீங்கள் இளமையில் டெல்லியில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. புகையும் இரைச்சலும் தவிர ஒன்றும் இல்லை. ஒரு மரம்கூட நம் ஊர் மரமாகத் தெரியவில்லை.

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி இல்லாவிட்டால் நான் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் மாசி பிறந்தது முதல் டெல்லியின் மரங்கள்தான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து இப்படி ஒரு வரியை எழுதியிருக்கிறீர்கள்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சாந்திபாத் சாலையோரம் பூத்திருக்கும் டூலிப்புகள் நெதர்லாந்திலிருந்து கிழங்காக வந்தவை. பிப்ரவரியில் கொஞ்ச நாள் பூத்துவிட்டு, வெயில் ஏறியதும் வாடிவிடும். அவ்வழியாகப் போனால் பாருங்கள். அதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட வேண்டாம். குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டம் 15 ஏக்கர். முகலாயத் தோட்டம் என்று நாங்கள் சொல்லிவந்ததை 2023 ஜனவரியில் அம்ரித் உத்யான் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பொதுமக்களை அனுமதிப்பார்கள், திங்கட்கிழமை விடுமுறை, இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். ரோஜாக்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கும், உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும். சிம்லாவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டில் ஒரு ஊர் அழகாக இருக்கும் சில வாரங்களில் அந்த ஊரை விட்டு ஓடுவது எனக்குப் புரியாத காரியம்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். ஆறு மாதமாக அங்கே இருந்துகொண்டு, வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் பெயரைக்கூட யாரிடமும் கேட்காத ஒருவர், அங்கே நம் ஊர் மரமே இல்லை என்று எழுதலாமா? புது டெல்லியின் பெரிய சாலைகளில் வரிசையாக நிற்பவை வேம்பு, நாவல், புளி, மருது. அரசமரமும் ஆலமரமும் இல்லாத பேட்டை கிடையாது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சஞ்சய் வனத்துக்குள் போனால், ராமநாதபுரத்துக் கண்மாயையே பிடித்துக்கொண்ட சீமைக் கருவேலம் அங்கும் காட்டையே பிடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டது. ஆரவல்லிக் குன்றுகளின் வால்பகுதியான அந்த மேட்டுநிலத்துக்கே உரிய மரங்களில் ஒன்று புரசு. புரசைவாக்கம் கங்காதீசுவரர் கோயிலின் தலமரமான அதே புரசுதான். மார்ச்சில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செம்மஞ்சள் நிறத்தில் பூக்கும். ரசாயனப் பொடிகள் வருவதற்கு முன்னால் ஹோலிக்கு அந்தப் பூவைக் காய்ச்சித்தான் சாயம் எடுத்தார்கள். ஊர் பிடிக்கவில்லை என்பது உங்கள் மனநிலை. அதில் நான் தலையிட மாட்டேன். ஒன்றுமே இல்லை என்பது அப்படியல்ல, பார்க்காமல் சொன்ன பொய்.

டெல்லியின் வசந்தத்தைத் தெற்கிலிருந்து போகிறவர்கள் தவறவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வசந்தம் என்றால் துளிர் என்று எதிர்பார்க்கிறோம். அங்கே பிப்ரவரி கடைசியில் இலை உதிர்கிறது. வேம்பு மஞ்சளித்துக் கொட்டுகிறது. ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த பில்கன் ஒரு வாரத்தில் மொட்டையாகி, அடுத்த வாரமே செம்பு நிறக் கொழுந்தால் மூடிக்கொள்கிறது. அரசும் அப்படித்தான். ஒரே தெருவில் ஒரு மரம் சருகு கொட்ட, அடுத்தது துளிர்விட, மூன்றாவது பூத்து நிற்கும். முன்னால் இருப்பது மழையில்லாத நாலு மாத வெயில். அந்த வெயிலில் பழைய இலைகளைச் சுமந்து நின்றால் மரம் நீரை இழக்கும். அதனால் குளிர் விலகியதும் அவற்றைக் கழித்துவிடுகிறது. காலையில் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டிக் குவித்த சருகுமேட்டைப் பார்த்துவிட்டு, மரங்கள்கூடப் பட்டுப்போகும் ஊர் என்று என்னோடு வேலை பார்த்த ஒரு தமிழ் நண்பர் சொல்லிக்கொண்டிருப்பார். அது பட்டுப்போவதல்ல, தயாராவது.

இந்த வசந்தத்துக்கு ஒரே ஒரு மரத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், இலவமரத்தைப் பாருங்கள். நாம் தலையணைக்குப் பஞ்செடுக்கும் வெள்ளைப்பூ இலவமல்ல, சிவப்பாகப் பூக்கும் முள்ளிலவு. டெல்லிக்காரர்கள் சேமல் என்பார்கள். இளமரத்தின் அடிமரமெல்லாம் கூம்பு கூம்பாக முள்ளிருக்கும். கிளைகள் அடுக்கடுக்காகக் கிடைமட்டமாக நீளும். பிப்ரவரி நடுவில் ஒரு இலைகூட இல்லாமல் நிற்கும் அந்தக் கிளைகளில் கறுத்த உருண்டை மொக்குகள் தோன்றி, மாதக் கடைசியில் மரம் முழுக்கப் பூவாகிவிடும்.

கரோல் பாக்கில் நான் குடியிருந்தது ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டைமாடியில் கட்டிய ஒற்றை அறை. வீட்டுக்குப் பின்சந்தில் நின்ற சேமல் மரத்தின் தலை என் மாடிச்சுவருக்குச் சமமாக இருந்தது. கீழே நின்று பார்க்கிறவருக்கு அது ஒரு சிவப்புக் கூட்டம். எனக்கோ ஒவ்வொரு பூவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளங்கை அகலம், தோல்போலத் தடித்த ஐந்து இதழ்கள், நடுவே கற்றை கற்றையாக மகரந்தத் தாள்கள், அடியில் கிண்ணம்போன்ற புல்லிக்குள் தேன். விடியும்போதே மைனாக்கள் வந்துவிடும். பின்னால் காக்கை, கொண்டைக்குருவி, கரிச்சான், அணில். பறவைகள் தலையை உள்ளே விட்டு எடுக்கும்போது முகமெல்லாம் மகரந்தம் ஒட்டியிருக்கும். அடுத்த பூவுக்கு அது போவது அப்படித்தான். இலை மறைக்காத கிளையில் இவ்வளவு பெரிய சிவப்புப் பூவை அந்த மரம் வைப்பது இந்த விருந்தாளிகளுக்காகத்தான். இலவு காத்த கிளி என்று நாம் பழமொழி சொல்கிறோம். காய் பழுக்கும் என்று காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்த கிளி அது. கரோல் பாக்கின் கிளிகள் காத்திருப்பதில்லை. மொக்கையும் பூவையும் கொத்தித் தின்று, இதழ்களைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு, கூச்சலிட்டபடி போய்விடும்.

பூ வாடி உதிர்வதில்லை. முழுப்பூவாக, நல்ல கனத்தோடு, தொப்பென்று விழும். எங்கள் மாடியிலும் விழும். வீட்டுக்கார அம்மாள் 1947-ல் ராவல்பிண்டியிலிருந்து வந்தவர். அவரை பீஜி என்று கூப்பிடுவோம். நான் துடைப்பத்தை எடுத்தால் சத்தம் போடுவார். ஒவ்வொரு பூவாகக் குனிந்து பொறுக்கி, கூடையில் போட்டு, சந்தில் வரும் பசுவுக்குக் கொண்டுபோய் வைப்பார். பசு மற்ற தீனியையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தின்னும். முழங்கால் வலியோடு தினமும் இப்படிக் குனிய வேண்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "இரண்டு வாரம்தானே பிள்ளை, அப்புறம் குனி என்றாலும் எதுவும் விழாது" என்றார். ஊரைப் பற்றிக் குறை சொல்லும் யாரிடமும் அவர் வாதாடியதில்லை. எல்லாவற்றையும் விட்டுவந்த ஒரு பெண், வந்து சேர்ந்த ஊரின் மரத்தை இப்படிக் கவனித்துக்கொண்டார் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் ஒரு மாற்றல் உத்தரவோடு போயிருக்கிறீர்கள், நாளை திரும்பியும் வந்துவிடலாம்.

ஏப்ரல் கடைசியில் காய்கள் வெடிக்கும். அதற்குள் அனல்காற்று தொடங்கியிருக்கும். விதையைப் பொதிந்த பஞ்சை அந்தக் காற்று ஊரெல்லாம் கொண்டுபோய்ப் போடும். ஜூன் கடைசியில் மழை வரும்போது விதை மண்ணில் தயாராகக் கிடக்கும். எல்லோரும் சபிக்கும் அந்தக் காற்றையும் கணக்கில் வைத்துத்தான் அந்த மரம் பிப்ரவரியில் பூக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதல்ல இதைப் பார்ப்பது. உங்கள் அலுவலகப் பாதையில், அல்லது பக்கத்திலேயே இருக்கும் ஜேஎன்யூ பல்கலைக்கழகப் பகுதியில், ஒரு சேமலைத் தேர்ந்துகொள்ளுங்கள். தினமும் அதைக் கடந்து போங்கள். மொக்கு விரிவதை, பறவைகள் மாறுவதை, பூ தீர்வதை, இலை திரும்புவதை, பஞ்சு பறப்பதை மே வரைக்கும் பாருங்கள். மரம் ஒன்றுதான், இடம் மாற வேண்டியதில்லை. ஐந்து ஞாயிறுகளுக்கு ஐந்து இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு அலைகிறவருக்கு அந்த ஊர் கடைசிவரை பிடிக்கப்போவதில்லை.

ஒன்று கவனியுங்கள். இந்தியா கேட் பக்கம் சேமலைத் தேடிப் போகாதீர்கள். 1911-ல் தலைநகரை மாற்றுவதாக அறிவித்தபின் சாலைமரங்களைத் தேர்ந்தவர்கள், அணிவகுப்புச் சாலையில் மொட்டையாக நிற்கும் மரம் கூடாது என்று, பெரும்பாலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் மரங்களையே நட்டார்கள். நிழல் கிடைத்தது, பருவம் தெரியாமல் போயிற்று. பருவம் தெரிவது குடியிருப்புகளின் ஓரத்தில், பூங்காக்களில், வளாகங்களில்.

பெற்றோர் வந்தால் அவர்களை லோதி தோட்டத்துக்குக் காலையில் அழைத்துப் போங்கள். சையிது, லோதி அரசர்களின் கல்லறைகளைச் சுற்றி 1936-ல் அமைத்த பூங்கா அது. ஜோர் பாக் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். அப்பாவுக்கு நடை, அம்மாவுக்கு உட்கார நிழல் இரண்டும் கிடைக்கும். ஹுமாயூன் கல்லறைக்கு எதிரே, 2018-ல் திறந்த சுந்தர் நர்சரியும் அப்படியே. ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு, அந்த முருகன் கோயிலுக்கு, நான் சொல்லாவிட்டாலும் போவீர்கள்.

நிஜாமுதீன் தர்காவில் வசந்த பஞ்சமி அன்று மஞ்சள் துணியும் கடுகுப்பூவும் கொண்டுவந்து கவாலி பாடுவார்கள். இந்த ஆண்டு அது முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு தவறவிடாதீர்கள். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா தம் சகோதரி வழி மருமகனின் சாவுக்குப் பிறகு யாரிடமும் பேசாமல் இருந்ததாகவும், மஞ்சளுடுத்திக் கடுகுப்பூவோடு பாடிப்போன பெண்களைக் கண்ட அவருடைய சீடர், கவிஞர் அமீர் குஸ்ரோ தாமும் அப்படியே உடுத்திக்கொண்டு குருவின் முன் வந்து நின்று பாடியதாகவும், குரு சிரித்ததாகவும் கதை. இருவரும் 1325-ல் மாதங்கள் இடைவெளியில் இறந்தார்கள், அருகருகே கிடக்கிறார்கள். ஒரு பெரியவரின் துக்கத்தைக் கலைக்க ஒரு கவிஞர் வயல்பூவை எடுத்துக்கொண்டு போன நாளை எழுநூறு ஆண்டுகளாகக் கொண்டாடும் ஊரில் இரைச்சல் மட்டும்தான் இருக்கிறது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு. பழைய டெல்லியில் கினாரி பஜார் பக்கம் தௌலத் கி சாட் விற்பார்கள். பாலைக் கடைந்து எடுத்த நுரைமேல் குங்குமப்பூவும் சர்க்கரையும் தூவியது. குளிர் இருந்தால்தான் அந்த நுரை நிற்கும் என்பதால் பிப்ரவரியோடு முடிந்துவிடும். பெற்றோர் வரும்வரை அதற்காகக் காத்திருக்காதீர்கள், வருகிற ஞாயிறே போய்விடுங்கள்.

இன்னொன்று கச்நார் மொக்கு. நம் மந்தாரை இனம்தான்; நாம் மந்தாரை இலையைத் தைத்துச் சோறு பரிமாறியவர்கள், பஞ்சாபிகள் அதன் மொக்கைச் சமைக்கிறார்கள். காய்கறித் தள்ளுவண்டிகளில் இந்த மாதம் கிடைக்கும். இதழ் வெளியே தெரியாத, இறுகிய பச்சை மொக்காகப் பார்த்து வாங்குங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு உப்புத்தண்ணீரில் வேகவைத்து, நன்றாகப் பிழிந்தால் கசப்புப் போய்விடும். பிறகு வெங்காயம், இஞ்சி, பூண்டு வதக்கி, மஞ்சள், மிளகாய், மல்லித்தூள் போட்டு, கடைந்த தயிரைச் சேர்த்து மொக்கைக் கொட்டி, எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில் வையுங்கள். பீஜி செய்வது இப்படித்தான், சப்பாத்திக்குத்தான் செய்வார். சோற்றிலும் பிசைந்து சாப்பிடலாம், நான் அப்படித்தான் சாப்பிட்டேன்.