வீட்டிலேயே சைலன்சர் மாட்டலாமா?

கேள்வி: என்னுடையது 2021-ல் வாங்கிய 350 சிசி பைக். திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டி வீடு. சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் வேறு கம்பெனி சைலன்சரைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். “சத்தமும் கெத்தா இருக்கும், நீங்களே மாட்டிக்கலாம்” என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மாட்டும் வேலை பெரிய விஷயமே இல்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் ஒரு காலைப் பொழுதுக்குள் முடித்துவிடலாம். எனக்குக் கவலை தருவது அந்தச் சத்தப் பேச்சுதான்.

சத்தம் கூடுதலாக வருகிறது என்றால், சைலன்சருக்குள் இருக்க வேண்டிய தடுப்புகளும் பஞ்சும் குறைவு என்று அர்த்தம். உங்கள் பைக் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்தது என்பதால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேறு இருக்கும். அது சில மாடல்களில் பெண்ட் பைப்பில் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) இருக்கும், சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். உங்களுடையதில் எங்கே இருக்கிறது என்பதை சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சைலன்சருக்குள் என்றால், நீங்கள் பார்த்து வைத்திருப்பதில் அது இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. விலை பாதியானதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் இதில் கறாரானது. ஒலி, புகை விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதத்துக்குப் போய்விடும். அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் தனித் தண்டனை உண்டு: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “டிபி கில்லரைப் (சத்தம் குறைக்க சைலன்சர் வாயில் செருகும் குழாய்) போட்டுக்கொண்டால் போலீஸ் பிடிக்க மாட்டார்கள்” என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘பந்தய உபயோகத்துக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பணம்தான் பிரச்சினை என்றால், ஓட்டை சிறியதாக இருக்கும்வரை வெல்டிங் பட்டறையில் பேட்ச் அடித்துக்கொள்வதே மலிவு. அதில் சட்டச் சிக்கலும் இல்லை. சைலன்சரைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோங்கள். வண்டியோடு வைத்து வெல்டிங் செய்தால் எலக்ட்ரானிக் பாகங்கள் அடிவாங்கும். பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் சைலன்சர் கிடைக்கலாம். வாங்குவதற்கு முன் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் ஏதோ உடைந்திருக்கிறது. ஒட்டு வெல்டிங் தெரிந்தாலும் வேண்டாம். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு, அதை அறுத்து எடுத்துவிட்டுப் பழையபடி ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே வாங்கினாலும் பில் வேண்டும். பில் இல்லாத பழைய பொருள் திருட்டு வண்டியுடையதாகக்கூட இருக்கலாம்.

சரி, முறையான சைலன்சர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுவது சைலன்சர் மட்டும்தான் என்றால் கிளாம்பும் மவுண்ட் போல்ட்டும்தான் வேலை, இன்ஜின் பக்கம் போகவே வேண்டாம். பெண்ட் பைப்பையும் கழற்ற வேண்டும் என்றால் பொறுமை தேவை. முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் இன்ஜின் ஆறிய நிலையில் கழற்றுங்கள். கடல் காற்று பட்ட ஸ்டட்டை (பைப்பைப் பிடிக்க இன்ஜினிலிருந்து நீட்டியிருக்கும் திருகு) வேகமாகத் திருகினால் ஒடிந்துவிடும். இன்ஜினின் அலுமினியத்துக்குள் மாட்டிக்கொண்ட அந்தத் துண்டை எடுக்க லேத் பட்டறைக்குப் போனால், மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கே போய்விடும். ஆக்சிஜன் சென்சாரின் ஒயரை இழுக்காதீர்கள், கனெக்டரைக் கழற்றிய பிறகே பைப்பை இறக்குங்கள்.

இன்ஜினுக்கும் பைப்புக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் வளையமான பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடவே கூடாது. ஒருமுறை நசுங்கி உட்காருவதற்கென்றே செய்தது அது. புதிய பைப்பை வைத்ததும் எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கமாக இறுக்குங்கள். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் பைப் இழுபட்டு நிற்கும், கேஸ்கட் ஓரமாகப் புகை கசியும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சைலன்சரைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். விரல் பட்ட எண்ணெய்க் கறை சூட்டில் அப்படியே படிந்துவிடும். ஸ்டார்ட் பண்ணியதும், சூடேறுவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. இதையெல்லாம் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அபார்ட்மென்டின் மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

கேள்வி: ஆன்லைனில் ‘உங்கள் மாடலுக்குப் பொருந்தும்’ என்று போட்டிருந்த சைலன்சரை வாங்கினேன். மவுண்ட் துளை இரண்டு விரல் தள்ளி இருக்கிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (அம்பத்தூர் வாசகர்)

பதில்: துளை போட்டு வளைத்து எப்படியாவது மாட்டிவிடலாம் என்று முயலாதீர்கள். கை வைத்த பொருளுக்கு உங்கள் பக்கத்து வாதம் பலவீனமாகிவிடும். அவர்கள் போட்டிருந்த விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளை அதை மாற்றிவிடலாம். ஸ்கேலை வைத்துத் துளையையும் படமெடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கேள்வி: புது சைலன்சர் சீக்கிரம் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்? (பெசன்ட் நகர்)

பதில்: பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. பக்கத்துத் தெருவுக்கே வண்டி எடுப்பவர்களுக்குச் சைலன்சர் நன்றாகச் சூடாவதில்லை, அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். ஓட்டை என்று நினைத்து அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள்.