கோயில் கூரைக்குப் புல் அறுக்க புரோக்கர் எதற்கு?

கேள்வி: நாங்கள் நீலகிரித் தோடர்கள். எங்கள் குடியிருப்பான மந்தில் உள்ள கோயிலுக்குக் கூரை வேய, சதுப்பில் வளரும் அவ்ஃபுல் என்ற புல்லை அறுக்கப் போனால் வனக்காவலர் தடுக்கிறார். பெர்மிட் வாங்கித் தர ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது பெர்மிட் அல்ல, உரிமை. வழிவழியாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலை எடுக்கும் உரிமை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. மரம் அல்லாத தாவரப் பொருள்கள் எல்லாம் அதில் அடங்கும். புல்லும்தான்.

சமூக உரிமைக்கு உரியது 'பி' படிவம். அது இலவசம். புரோக்கர்கள் பட்டா ஆசை காட்டித் தனிநபருக்கான 'ஏ' படிவத்தை நிரப்பி, வெற்றுத்தாளிலும் கையெழுத்து வாங்கிப் போவார்கள். அப்படி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். மனுவை, கிராம சபை அமைத்த வன உரிமைக் குழுவிடம் நீங்களே கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராம சபையில் பாதிப்பேர் இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பழைய ஆவணம் இல்லையென்று திருப்பி அனுப்பினால் அசராதீர்கள். மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்றுதான். 'இந்தத் தாள்தான் வேண்டும்' என்று கேட்க யாருக்கும் அதிகாரமில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; கிராம சபைத் தீர்மானத்தின்மேல் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்: அந்தச் சதுப்பு யார் நிலத்தில் இருக்கிறது? இந்தச் சட்டம் வன நிலத்துக்கு மட்டுமே. தேயிலை எஸ்டேட்டுக்கோ கேரட் தோட்டத்துக்கோ உள்ளே இருக்கும் பட்டா சதுப்பென்றால் இந்த மனு நிற்காது. உரிமையாளரிடம்தான் பேச வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் காட்டிக் கேளுங்கள். வன எல்லையும் பட்டாவும் ஒட்டிய இடமென்றால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பார்க்காமல் மனுப் போட்டு இரண்டு வருடம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வேரை விட்டு அறுத்த புல் மறுபடி துளிர்க்கும். சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) புல்வெளியில் நட்டது அரசு. புல் அழிகிற பழி மட்டும் அரிவாள் பிடித்தவர்மேல்! 5ஆம் பிரிவின்படி நீர்நிலையையும் பண்பாட்டு மரபையும் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு. ஆகவே சதுப்பைச் சுற்றியுள்ள சீகையை அகற்றக் கோரும் தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் போட்டுவிடுங்கள்.