எக்மோ வைத்தால் ஷாக்குக்குப் போன இதயம் குணமாகிவிடுமா?

ஹார்ட் அட்டாக்கால் ஷாக்குக்குப் போனவருக்கு, அதாவது உடலுக்குப் போதுமான ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியாமல் போனவருக்கு, எக்மோ வைத்தால் இதயம் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ ஐசியுவில் இருக்கிறார்கள் என்று நினைத்தே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மகனாகப் பதினோரு நாள் வெளியே காத்திருந்தவன்.

எக்மோ என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உடலுக்குள் தள்ளும் மெஷின். அது குணமாக்காது. அடைப்பைத் திறப்பதுதான் வைத்தியம். இதயம் தேறுகிறவரை மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகும்படி மெஷின் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு எக்மோ வைத்த அன்று மானிட்டரில் ரத்த அழுத்தக் கோடு மேடு பள்ளமே இல்லாமல் ஓடியது. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. "மெஷின் ஒரே சீராத் தள்ளுது சார், அதான் அலை இல்ல" என்றார் நர்ஸ். டாக்டர் சொன்னதுதான் இன்னும் கலக்கியது. தொடைத் தமனி வழியாக எக்மோ ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. சோர்ந்துபோன இடது கீழறை அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். முடியாவிட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கி அறை வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் அன்று இரவே இன்னொரு தொடை வழியாக இம்பெல்லா என்ற சின்ன பம்பை இதயத்துக்குள் வைத்தார்கள். அது கீழறையில் இருக்கும் ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும். இதயத்தின் சுமை குறையும்.

நான்காம் நாள் அந்தக் கோட்டில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. அப்பாவின் இதயமே தள்ளியது அது.

2023இல் வந்த ஆய்வில் எக்மோ வைத்தவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் 47.8 சதவீதம், வைக்காதவர்களில் 49 சதவீதம்தானே என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் வைத்தால் லாபமில்லை என்றுதான் அது சொல்கிறது. 2024இல் இம்பெல்லா ஆய்வில், ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்தபோது, 180 நாளில் இறப்பு 58.5இலிருந்து 45.8 சதவீதமாகக் குறைந்தது. ரத்தக்கசிவும் கால் பாதிப்பும் கூடின என்பதும் உண்மை.

இதையெல்லாம் படிக்காமலே "மெஷின்ல வச்சு இழுக்கிறாங்க, நிறுத்தச் சொல்லு" என்று போனில் சொன்ன உறவினர்களை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஒருவர்கூட வந்து ஒரு ராத்திரி என்னோடு உட்காரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எக்கோ ஸ்கேனில் இதய வால்வு திறப்பது தெரிகிறதா? நுரையீரலில் நீர் இருக்கிறதா? உங்களை ஐசியுவுக்குள் விடும்போது, டியூப் போட்ட காலின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஆறாம் நாள் அப்பாவின் இடது பாதம் அப்படித்தான் இருந்தது.