ஒரே தீர்ப்புக்கு மூன்று ஆண்டுகளா?

கேள்வி: சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாதிரி நீதிமன்றப் போட்டிக்காகத் தனியுரிமை பற்றித் தேடியபோது, கரக் சிங் வழக்கு ஓரிடத்தில் ‘ஏ.ஐ.ஆர். 1963 எஸ்.சி. 1295’ என்றும், வேறோரிடத்தில் ‘(1964) 1 எஸ்.சி.ஆர். 332’ என்றும் இருக்கிறது. தீர்ப்பின் தேதியோ 1962 டிசம்பர் 18. இவற்றில் எதை எழுதுவது?

பதில்: மூன்றும் சரியே. மேற்கோளில் வரும் ஆண்டு தீர்ப்பு சொல்லப்பட்ட ஆண்டு அன்று. அது அச்சேறிய தீர்ப்புத் தொகுப்பின் ஆண்டு. முதலாவதை 1963ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். தொகுப்பின் உச்ச நீதிமன்றப் பகுதியில் 1295ஆம் பக்கம் என்றும், இரண்டாவதை 1964ஆம் ஆண்டு எஸ்.சி.ஆர். முதல் தொகுதியில் 332ஆம் பக்கம் என்றும் படிக்க வேண்டும். எஸ்.சி.ஆர். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பு என்பதால் அதை முதலில் எழுதி, மற்றதை இணை மேற்கோளாகத் தருவது நல்லது. போட்டி விதிகள் வேறொரு முறையைக் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். எந்த முறையானாலும் கடைசி வரை அதே முறை இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மாணவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் அங்கேதான். அந்த வழக்கில் ஆறு நீதிபதிகள் இருந்தனர். நள்ளிரவில் காவலர் வீடு தேடி வருவதற்கு இடமளித்த விதியைப் பெரும்பான்மையினர் செல்லாததாக்கினர். ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்றும் கூறினர். நீதிபதி சுப்பா ராவ், நீதிபதி ஷா இருவரும் மாறுபட்டனர். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், ‘(2017) 10 எஸ்.சி.சி. 1’ (எஸ்.சி.சி. இன்னொரு தீர்ப்புத் தொகுப்பு), ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்து, கரக் சிங் தீர்ப்பை அதற்கு மாறாக உள்ள அளவுக்கு மட்டும் செல்லாததாக்கியது. ஆகவே பழைய தீர்ப்பை ‘ரத்தானது’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும் தவறு. புட்டசாமியைத் திறந்து பார்க்காமல் பழைய தீர்ப்பை அப்படியே எடுத்தாள்வது அதைவிடப் பெரிய தவறு. தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுதுவோர் இந்த இரண்டு குழிகளிலும் விழுவார்கள். தலைக்குறிப்பு தொகுப்பாசிரியரின் சுருக்கமே. அது தீர்ப்பின் பகுதி ஆகாது.

கேள்வி: இந்திய தண்டனைச் சட்டம் போய்விட்டதே, அதன்கீழ் வந்த பழைய தீர்ப்புகள் இனிப் பயன்படுமா?

பதில்: பயன்படும். அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல்தான் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். புதிய பிரிவுக்குப் பழைய தீர்ப்பைக் காட்டும்போது இரு பிரிவுகளின் வாசகத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்கு மாறியதைப் போல எண் மட்டும் மாறியிருப்பதாக எல்லா இடத்திலும் எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: என் கட்டுரையில் மேற்கோள்கள் நிறைய உள்ளன, ஆனால் வாதமே இல்லை என்கிறார் பேராசிரியர். எப்படித் திருத்துவது?

பதில்: பிரச்சினை, விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்ற வரிசையில் நீங்கள் மூன்றாவதைத் தாண்டிவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ‘புட்டசாமி வழக்கின்படி இது தனியுரிமை மீறல்’ என்பது முடிவு மட்டுமே. ‘தனியுரிமையில் தலையிடச் சட்டத்தின் ஆதரவு வேண்டும் என்கிறது புட்டசாமி, இங்கே காவலர் மனுதாரரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்ததற்கு எந்தச் சட்டப் பிரிவையும் அரசு காட்டவில்லை, எனவே சட்ட ஆதரவு என்ற முதல் சோதனையிலேயே அந்தச் செயல் தோற்கிறது’ என்று எழுதினால் விதியும் சம்பவமும் ஒன்றையொன்று தொடுகின்றன. முழுப் பத்திகளைப் பெயர்த்து ஒட்டுவதை விடுத்து, உங்களுக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து, எந்த நீதிபதியின் தீர்ப்புரையில் எத்தனையாவது பத்தி என்பதையும் குறியுங்கள். புட்டசாமியில் ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள் இருப்பதால் அங்கே இந்தக் குறிப்பு இல்லாமல் யாராலும் சரிபார்க்க முடியாது.