எஸ்7-1200 பி.எல்.சி. அமைப்பு: கேள்விகளும் பதில்களும்

சீமென்ஸ் எஸ்7-1200 பி.எல்.சி.யை (இயந்திரங்களை நிரல்படி இயக்கும் தொழிற்சாலைக் கணினி) அதன் டியா போர்ட்டல் மென்பொருளில் அமைப்பது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பம்ப் நிலையங்களிலும் சாயப்பட்டறைகளிலும் வேலை செய்து பழகியவன் என்பதால், அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

கேள்வி (ஓசூர்): புதிதாக வாங்கிய 1214சி சிபியு லேப்டாப்பில் தெரியவில்லை. கேபிளை மாற்றியும் பயனில்லை.

பதில்: புதிய சிபியுவில், அதாவது பி.எல்.சி.யின் மையப் பகுதியில், மேக் முகவரி (தொழிற்சாலையிலேயே பதித்த வன்பொருள் எண்) மட்டுமே இருக்கும், ஐபி முகவரி இருக்காது. திட்டத்தில் நீங்கள் பார்க்கும் 192.168.0.1 என்பது இனிமேல் இறக்கப்போகும் முகவரி. முதலில் லேப்டாப்பின் ஈதர்நெட் போர்ட்டுக்கு 192.168.0.50 போன்ற ஒரு நிலையான முகவரியையும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கையும் கொடுங்கள். பிறகு 'ஆக்சசிபிள் டிவைசஸ்' சாளரத்தைத் திறந்து, இன்டர்ஃபேஸ் என்ற வரியில் வைஃபை தேர்வாகியிருக்கிறதா, கேபிள் செருகிய ஈதர்நெட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். நான் சந்தித்த இணைப்புச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில்தான் தீர்ந்திருக்கின்றன. சிபியு தெரிந்ததும் 'ஃப்ளாஷ் எல்இடி' என்பதை டிக் செய்தால் அதன் விளக்குகள் மினுக்கும். ஒரே பேனலில் இரண்டு சிபியு இருந்தால், எதில் டவுன்லோடு செய்கிறோம் என்பதை இப்படிக் கண்ணால் உறுதி செய்துகொண்ட பிறகே மேலே செல்லுங்கள்.

கேள்வி (திருப்பெரும்புதூர்): டவுன்லோடு செய்யும்போது சாதனம் பொருந்தவில்லை என்று வருகிறது. இரண்டுமே 1214சிதான்.

பதில்: 1214சி என்பது குடும்பப் பெயர். சிபியுவின் மேல் அச்சிட்டிருக்கும் ஆர்டர் எண்ணைப் படியுங்கள். 6இஎஸ்7 214-1ஏஜி40 என்றால் 24 வோல்ட் டிசி மின்சாரமும் டிரான்சிஸ்டர் வெளியீடும் கொண்டது. 1பிஜி40 என்றால் ஏசி மின்சாரமும் ரிலே வெளியீடும் கொண்டது. திட்டத்தில் தேர்ந்தெடுத்த ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள் மென்பொருள்) பதிப்பு சாதனத்தில் உள்ளதைவிடப் புதியதாக இருந்தாலும் டவுன்லோடு நடக்காது. எண்ணைத் தேடி அலையாமல், வன்பொருள் பட்டியலில் 'அன்ஸ்பெசிஃபைடு சிபியு 1200' என்பதைச் சேர்த்து 'டிடெக்ட்' கொடுத்தால், சிபியுவையும் அதன் பக்கத்தில் உள்ள மாட்யூல்களையும் (கூடுதல் உள்ளீடு, வெளியீட்டுப் பகுதிகள்) மென்பொருளே படித்துக்கொள்ளும். மாட்யூல்களுக்குள் செய்த அமைப்புகள் இதில் வராது. அவற்றை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

கேள்வி (மதுரை): இணைப்பு கிடைக்கவில்லை, என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): 4–20 மில்லி ஆம்பியர் அழுத்த உணரியை சிபியுவின் சொந்த அனலாக் உள்ளீட்டில் இணைக்கலாமா?

பதில்: நேரடியாக முடியாது. 1214சி-யில் உள்ள இரண்டு அனலாக் உள்ளீடுகளும் 0–10 வோல்ட் மட்டுமே ஏற்பவை. மின்னோட்டத்தை ஏற்கும் எஸ்எம் 1231 மாட்யூலைச் சேர்ப்பதே முறையான வழி. அவசரத்துக்கு, உள்ளீட்டின் குறுக்கே அரை வாட் தாங்கும் 500 ஓம் துல்லியத் தடையைப் போட்டால் 4–20 மில்லி ஆம்பியர் 2–10 வோல்ட்டாக மாறும். உச்ச அளவில் அந்தத் தடையே 10 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால், 24 வோல்ட்டில் மீதமுள்ள 14 வோல்ட்டில் உங்கள் உணரி இயங்குமா என்று அதன் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

10 வோல்ட்டுக்கு அந்த உள்ளீட்டின் முகவரியான ஐடபிள்யூ64-இல் 27,648 என்ற எண் வரும். ஆகவே 2 வோல்ட்டுக்கு 5,530 வரும். எண்ணை 0–1 அளவுக்கு மாற்றும் நார்ம்_எக்ஸ் கட்டளையில் கீழ் எல்லையாகப் பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டு, அழுத்தம் தவறாகக் காட்டுகிறது என்று உணரியை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழ் எல்லை 5,530 ஆக இருக்க வேண்டும். எண் 4,980-க்குக் கீழே போனால், அதாவது 3.6 மில்லி ஆம்பியருக்கும் குறைந்தால், கம்பி அறுந்ததாகக் கொண்டு எச்சரிக்கை எழுப்புங்கள். அளவை பூஜ்யத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குவதன் பெரும்பயனே அறுந்த கம்பியை இப்படி அடையாளம் காண முடிவதுதான். சோதனைக்காக எந்த உள்ளீட்டையாவது ஃபோர்ஸ் செய்திருந்தால் (உண்மை நிலைக்குப் பதில் ஒரு மதிப்பை வலிந்து கொடுத்திருந்தால்), அதை நீக்கிய பிறகே லேப்டாப்பை மூடுங்கள்.

கேள்வி (கரூர்): வேறு நிறுவனத்தின் பி.எல்.சி. வைத்திருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்வீர்களா?

பதில்: அதில் எனக்குப் பழக்கம் இல்லை. அந்த நிறுவனத்தின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி (கோவை): எஸ்7-1200-இல் ஹை ஸ்பீடு கவுன்டரை (வேகமான துடிப்புகளை எண்ணும் வசதி) இயக்கினேன். கையால் மெதுவாகச் சுற்றினால் எண்ணுகிறது; மோட்டார் ஓடினால் எண்ணிக்கை நின்றுவிடுகிறது.

பதில்: நிரலில் தவறு இருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு டிஜிட்டல் உள்ளீட்டுக்கும் வடிகட்டி நேரம் தொடக்கத்தில் 6.4 மில்லி விநாடியாக இருக்கும். விநாடிக்கு 100 துடிப்பு வந்தால், ஒவ்வொரு துடிப்பும் 5 மில்லி விநாடிதான் உயர்ந்து நிற்கும். வடிகட்டி அதை மின் இரைச்சல் என்று எண்ணித் தள்ளிவிடும். சிபியுவின் பண்புகளில் அந்த உள்ளீட்டுக்கு மட்டும் 10 மைக்ரோ விநாடி கொடுங்கள். எல்லா உள்ளீட்டுக்கும் குறைத்துவிட்டால் புஷ் பட்டனின் அதிர்வும்கூடத் துடிப்பாக உள்ளே வரும்.

கேள்வி (ஈரோடு): சிபியுவின் மெயின்ட் (பராமரிப்பு) விளக்கு மஞ்சளாக எரிகிறது, இயந்திரம் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். எங்கோ ஒரு ஃபோர்ஸ் உயிரோடு இருக்கலாம். லேப்டாப்பைக் கழற்றினாலும் டியா போர்ட்டலை மூடினாலும் ஃபோர்ஸ் சிபியுவிலேயே தங்கியிருக்கும். ஒரு சாயப்பட்டறையில் இரவு சோதனைக்காகத் தொட்டியின் மேல்மட்ட ஸ்விட்சை 'நிரம்பவில்லை' என்று ஃபோர்ஸ் செய்துவிட்டு, மறந்து லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். காலையில் போனபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, தரை முழுவதும் நீலச் சாயநீர் கணுக்கால் அளவு நின்றது. ஃபோர்ஸ் டேபிளைத் திறந்து 'ஸ்டாப் ஃபோர்சிங்' கொடுத்து, மஞ்சள் விளக்கு அணைந்ததைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி (சேலம்): பழைய இயந்திரம் வாங்கினோம், சிபியுவில் கடவுச்சொல் இருக்கிறது. உடைப்பது எப்படி?

பதில்: சொல்ல மாட்டேன். வெற்று மெமரி கார்டால் கடவுச்சொல்லை நீக்க முடியும், ஆனால் நிரலும் சேர்ந்தே அழியும். இயந்திரத்தைச் செய்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஸ்டாப் பட்டன் என்சி (தொடாதபோது மின்சாரம் செல்லும் வகை). ஆனால் லேடரில் (ஏணி வடிவ நிரல்) என்ஓ (தொடாதபோது மின்சாரம் செல்லாத வகை) குறி போட்டால்தான் மோட்டார் ஓடுகிறது. எது சரி?

பதில்: நீங்கள் செய்ததுதான் சரி. லேடரில் உள்ள குறியைப் பட்டனின் படமாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பட்டன் இணைந்துள்ள ஐ0.1 என்ற உள்ளீட்டு பிட் இப்போது 1-ஆ என்று கேட்பதே என்ஓ குறியின் வேலை. பட்டனை யாரும் தொடாதபோது என்சி வழியாக 24 வோல்ட் வந்து, சிபியுவின் முகத்தில் 0.1 விளக்கு பச்சையாக எரியும், பிட் 1 ஆக இருக்கும், மோட்டார் ஓட அனுமதி கிடைக்கும். அந்த டேக்குக்கு 'ஸ்டாப்' என்று பெயர் வைக்காமல் 'ஸ்டாப்_அழுத்தவில்லை' என்று வையுங்கள். படிப்பவருக்குக் குழப்பம் தீரும்.

மறுப்பு (கோவை, மற்றொருவர்): ஐயா, நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஸ்டாப்புக்கும் என்ஓ பட்டன் போட்டு, லேடரில் என்சி குறி வைக்கிறேன். எல்லாம் ஓடுகிறது. என்சி போட்டால் ஒரு டெர்மினல் தளர்ந்தாலும் தறி நிற்கும், உற்பத்தி போகும்.

பதில்: ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், உங்கள் வருத்தமும் உண்மையானது. ஆனால் டெர்மினல் தளரும் நாளில் இரண்டு அமைப்பும் என்ன செய்யும் என்று பாருங்கள். என்சியில் இயந்திரம் உடனே நிற்கும். நீங்கள் ஐந்து நிமிடத்தில் கம்பியைத் தேடிக் கண்டுபிடிப்பீர்கள். என்ஓவில் எதுவும் தெரியாது. எல்லாம் இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும். தறியில் சேலைத் தலைப்பு சிக்கி ஒருவர் ஓடிவந்து ஸ்டாப்பை அழுத்தும் அந்த நொடியில்தான் கம்பி அறுந்திருப்பது தெரியவரும். மேலே சொன்ன 4 மில்லி ஆம்பியரும் இதே கணக்குத்தான். டெர்மினல் தளர்கிறது என்றால், கம்பி முனையில் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு, திருகை இறுக்கி, ஸ்பிரிங் வகை டெர்மினலுக்கு மாற வேண்டும்.

மறுப்பு (அதே நண்பர்): எமர்ஜென்சி ஸ்டாப் தனியாக இருக்கிறதே, அது போதாதா?

பதில்: இருக்க வேண்டியதுதான். அது சாதாரண சிபியுவின் நிரலை நம்பி இருக்கக் கூடாது; சேஃப்டி ரிலே வழியாக, மோட்டாரை இயக்கும் கான்டாக்டரின் மின்சாரத்தையே வெட்ட வேண்டும், அல்லது 1214எஃப்சி போன்ற, பழுதானாலும் பாதுகாப்பான நிலைக்குப் போகும் ஃபெயில்சேஃப் சிபியு வேண்டும். பட்டனை விடுவித்த மாத்திரத்தில் இயந்திரம் தானாக ஓடக் கூடாது என்பது ஐஎஸ்ஓ 13850 தரநிலையின் விதி. ஆனால் தொழிலாளியின் கை முதலில் போவது பழகிய சிவப்பு ஸ்டாப்புக்குத்தான். அதுவும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): லேப்டாப்பில் சிபியு தெரியவில்லை.

பதில்: முதல் பதில். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை, அதே நண்பர்): சரி ஐயா, மாற்றிவிடுகிறேன். ஓடும் இயந்திரத்தில் எப்படி மாற்றுவது?

பதில்: ஓடும்போது தொடாதீர்கள். வார விடுமுறையில் மின்சாரத்தை வெட்டிப் பூட்டிவிட்டு, பட்டனின் பின்புறம் உள்ள என்ஓ கான்டாக்ட் பிளாக்கைக் கழற்றி என்சி பிளாக்கை மாட்டுங்கள். நிரலில் அந்த பிட் வரும் எல்லா இடங்களையும் கிராஸ் ரெஃபரன்ஸ் பட்டியலில் தேடி என்சி குறியை என்ஓவாக மாற்றுங்கள். ஒரு இடத்தை விட்டாலும் தவறு உள்ளேயே தங்கும். டவுன்லோடு செய்த பிறகு, வாட்ச் டேபிளில் ஐ0.1 பட்டனைத் தொடாதபோது 1, அழுத்தும்போது 0 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மோட்டாரைச் சுமையின்றி ஓடவிட்டு, பேனலில் அந்த 24 வோல்ட் கம்பியை டெர்மினலிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் தளர்த்தி வெளியே இழுங்கள். மோட்டார் அதே நொடியில் நிற்க வேண்டும், கம்பியைத் திரும்பச் செருகியபின் தானாக ஓடக் கூடாது.