பனி ஏரியில் தூண்டில்: கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் ஏரிப் பக்கம் குடியிருப்பதால், குளிர்காலம் வந்தாலே, உறைந்த ஏரியின் ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பது பற்றி எனக்குக் கேள்விகள் குவியும். சேர்ந்தவற்றுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். சிலருக்கு ஒரு வரிதான் கிடைக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சென்னை): ஏரியே உறைந்து கிடக்கிறது. கீழே மீன் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது?

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனம். அதற்கும் கீழே குளிரும்போது லேசாகி மேலே வந்துவிடும், அங்கேயே உறையும். அதனால் வெளியே மைனஸ் 30 இருந்தாலும் அடியில் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மீனின் உடம்பும் அந்த அளவுக்குக் குளிர்ந்து, செரிமானம் மந்தமாகி, கொஞ்சமாகத்தான் தின்னும். குளிர்காலத் தூண்டிலில் சின்ன இரையைக் கட்டி மெதுவாக அசைப்பது இதனால்தான்.

மீனுக்கு உண்மையான எமன் மூச்சுமுட்டல். ஆழமில்லாத, பாசி மண்டிய ஏரியில் ஐஸ் மேல் பனி தடிமனாக விழுந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. செடிகள் ஆக்சிஜன் தராது, அழுகும் செடிகள் இருப்பதையும் குடித்துவிடும். வசந்தத்தில் ஐஸ் உருகும்போது செத்த மீன்கள் கரை ஒதுங்கும். மில் லாக்ஸுக்கும் ஆழம் அதிகமில்லை, சுமார் 42 அடிதான். ஆனால் கரைக்குக் கரை கண்ணுக்கு எட்டாத பரப்பு, அதனால் தாங்குகிறது.

கேள்வி (ப்ளூமிங்டன்): முதல் தடவை போகப் போகிறோம் அண்ணா. என்னென்ன வாங்கணும்?

ஐஸ் மேல் வைத்து உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கிற குடிலை வாங்காதீர்கள். ஏரிக்கரை ரிசார்ட்டுகளில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஹீட்டர் இருக்கும், துளையும் போட்டுக் கொடுப்பார்கள். பிடித்துப்போனால் அப்புறம் ஐஸில் துளை போட, கையால் சுற்றுகிற 6 அங்குல ஆகர் (துளைப்பான்), குட்டைத் தூண்டில், துளையில் சேரும் ஐஸை அள்ள ஒரு சல்லடைக் கரண்டி, உட்கார ஒரு வாளி வாங்குங்கள். தண்ணீரில் விழுந்தால் ஐஸில் ஊன்றி மேலேற, கழுத்தில் தொங்கவிடும் குத்தூசி ஜோடியை முதல் நாளே வாங்கிவிடுங்கள். 16 வயதானால் உரிமம் வேண்டும். ஐஸில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். உடம்போடு ஒட்டிப் பருத்தித் துணி வேண்டாம், வேர்த்தால் காயாது.

கேள்வி (செயின்ட் பால்): எத்தனை அங்குல ஐஸ் இருந்தால் நடக்கலாம்?

மாநில இயற்கைவளத் துறையின் கணக்கு இது: ஆள் நடக்க 4, ஸ்னோமொபைலுக்கு (பனியில் ஓடும் வண்டி) 5 முதல் 7, சின்னக் காருக்கு 9 முதல் 10, நடுத்தர பிக்கப்புக்கு 13 அங்குலம். இது புது, தெளிந்த ஐஸுக்கு. வெள்ளையாக, பனி கலந்து உறைந்ததாக இருந்தால் இரட்டிப்பாக வேண்டும். போகப் போகத் துளை போட்டு அளந்துகொண்டே போங்கள்.

கேள்வி (ரோச்செஸ்டர்): இந்த வாரம் மில் லாக்ஸில் எத்தனை அங்குலம்?

நான் நிற்கிற இடத்துக்குச் சொல்லலாம். நீங்கள் நிற்கப்போகிற இடத்துக்கு யாராலும் சொல்ல முடியாது. துளை போடுங்கள்.

கேள்வி (டுலூத்): குடிலுக்குள் புரொப்பேன் ஹீட்டர் போட்டுத் தூங்கலாமா?

ஹீட்டரிலிருந்து வரும் மணமில்லாத விஷவாயுவைக் கண்டு கத்துகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தால், காற்று வர வழி திறந்திருந்தால், சரி. இல்லையென்றால் கூடாது. தலைவலி, வாந்தி வருவதுபோல் இருந்தால் யோசிக்காமல் வெளியே வாருங்கள். பனி காற்றுத்துளையை மூடியிருக்கிறதா என்று இரவில் எழுந்து பாருங்கள்.

கேள்வி (மேப்பிள் குரோவ்): 8 அங்குலத்தில் என் எஸ்யூவியை ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். பக்கத்தில் நாற்பது வண்டி நின்றது.

ஒன்றும் ஆகாததில் சந்தோஷம். ஆனால் அந்த நாற்பது வண்டியும் சாட்சியாகாது. எடை கூடக் கூட ஐஸ் தொய்கிறது. நெருக்கமாக நிறுத்தி மணிக்கணக்கில் விட்டால் துளை வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். தள்ளித் தள்ளி நிறுத்தி, அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். வண்டி ஓடும்போது அடியில் தண்ணீரில் ஓர் அலையும் கூடவே ஓடுகிறது. வேகமாகக் கரையை நெருங்கினால் அந்த அலை திரும்பி மோதி ஐஸை உடைக்கும். அதனால் மெதுவாகப் போகணும், கண்ணாடி இறக்கியிருக்கணும், பெல்ட் போடக்கூடாது.

அதே நண்பர்: பெல்ட் போடாமலா? சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி மூழ்கும்போது பட்டையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி (ஃபார்கோ): மேப்பிள் குரோவ்காரர் சொல்வது சரிதான் அண்ணே. ரிசார்ட் சாலை இருக்கும்போது எதற்குத் துளை?

ரிசார்ட்காரர்கள் அளந்து, பனி தள்ளி, பிளவுகளுக்கு மேல் பாலம் போட்டுப் பராமரிக்கிற சாலைக்குக் காசு வாங்குகிறார்கள். அதில் போவது வேறு. சாலையை விட்டு இறங்கி யாரோ போன சக்கரத்தடத்தைப் பிடித்துப் போவது வேறு. தடம் எப்போது விழுந்தது என்று ஐஸ் சொல்லாது. மின்னசோட்டாவின் வடக்கே இருக்கிற அப்பர் ரெட் ஏரியை மறந்துவிட்டீர்களா? 2022 நவம்பரில் 200 பேர் போல, 2023 டிசம்பரில் நூறு பேருக்கு மேல், ஐஸ் பாளம் பிரிந்து தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டினார்கள். அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியம் கொண்டவர்கள்தான். துளை போட்டால் தடிமன்தான் தெரியும்; பருவத் தொடக்கத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்க்கணும்.

மேப்பிள் குரோவ் நண்பர்: சரி, விழுந்தே விட்டால்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்கணும் தம்பி. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துங்கள். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் உருப்படியாக வேலை செய்யும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். வந்த திசைக்கே திரும்பி, குத்தூசியை ஊன்றி, காலால் உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு வாருங்கள்.

கேள்வி (மதுரை): ஐஸ் இடி மாதிரி முழங்குகிறதே, உடைகிறதா?

வெப்பம் மாறும்போது விரிந்து சுருங்குகிற சத்தம். அது மட்டும் கேட்டால் ஓட வேண்டாம்.

கேள்வி (ஈகன்): காலையில் கார் கிளம்ப மறுக்கிறது.

எஞ்சினைச் சூடாக வைக்கிற பிளாக் ஹீட்டர் போட்டு, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு மின்சாரத்தில் சொருகுங்கள். பழைய பேட்டரியென்றால் மாற்றுங்கள்.

கேள்வி (எடைனா): எத்தனை அங்குலம் இருந்தால் குழந்தைகளைக் கூட்டிப்போகலாம்?

மேலே இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி (ஷாகோபி): குழம்புக்கு எந்த மீன்?

வால்ஐ சதை மிருது, குழம்பில் உடைந்துவிடும், வறுங்கள். பைக் மீனில் கவட்டை முள் அதிகம், பொறுமை இருந்தால் குழம்புக்குப் பிரமாதம். பாம்புபோல் நெளியும் பர்பட்டைக் கண்டு பலர் ஐஸிலேயே வீசிவிட்டுப் போகிறார்கள், அநியாயம். அது காட் என்கிற கடல் மீனின் இனம், தோலை உரித்துப் போட்டால் புளிக்குழம்பில் கெட்டியாக நிற்கும்.

கேள்வி (செயின்ட் கிளவுட்): சொந்தக் குடிலை ஏரியிலிருந்து எப்போது எடுக்கணும்?

மாநிலத்தின் தெற்குப் பக்கம் மார்ச் முதல் வாரம், வடக்கே மார்ச் நடு. அந்த வருடத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் மரக்கட்டை வைக்காமல் நேராக ஐஸில் உட்காரவைத்திருந்தால் குடில் உறைந்து ஒட்டியிருக்கும், கடப்பாரையோடு போங்கள். குப்பையையும் எடுத்து வாருங்கள்.

கேள்வி (பர்ன்ஸ்வில்): இந்த வாரம் எத்தனை...

துளை போடுங்கள்.